தோடும் சாக்ஸும்

தமிழ்ச் சொற்களில் எனக்கு விரோதமானவை அதிகம் கிடையாது. எழுதிப் பிழைக்கிறவன் சொற்களோடு பகைத்துக்கொண்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் ஒரே ஒரு சொல்லைக் கேட்டால் மாத்திரம் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அது 'வந்துடும்' என்னும் சொல்.

பஸ் இன்னும் வரவில்லையா? வந்துடும். மின்சாரம் போய் மூன்று மணி நேரம் ஆகிறதா? வந்துடும். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் பாக்கிப் பணம் கைக்கு எட்டவில்லையா? அதுவும் வந்துடும். இவற்றிலெல்லாம் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. வராவிட்டாலும் உயிர் போய்விடாது. வீட்டில் வளர்க்கும் நாய் தின்னத் தகாத பொருள் எதையாவது விழுங்கிவிட்டால், வீட்டார் எல்லோரும் கூடி நின்று, அதன் வயிற்றை உற்றுப் பார்த்து, "வந்துடும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்களே, அந்த ஒரு 'வந்துடும்'மைத்தான் நான் ஒழித்துக்கட்ட விரும்புகிறேன்.

நியாயமாகச் சொல்லவேண்டுமானால், இந்தச் சொல் பல சமயங்களில் பலித்தும் விடுகிறது. சிறியதாகவும் வழவழப்பாகவும் இருக்கும் பொருள், போன வழியே போய் இரண்டு மூன்று நாளில் வெளியே வந்துவிடுவது உண்டு. அதனால்தான் இந்தச் சொல் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. பொருள் வந்துவிட்ட நாயின் சொந்தக்காரர் அந்த வெற்றியைத் தெரு முழுதும் சொல்லித் திரிகிறார். வராமற்போன நாயின் சொந்தக்காரரோ, கேட்டால், "திடீர்னு போயிடுச்சு சார். என்ன வியாதின்னே தெரியலை" என்கிறார். தெருவின் அனுபவ ஞானம் இப்படித்தான் சேருகிறது. பிழைத்த நாய்கள் மட்டும் சாட்சி சொல்ல, செத்த நாய்கள் கணக்கில் வராமலே போய்விடுகின்றன.

எங்கள் தெருவில் எதிர் வரிசையில் ஒரு குடும்பம். குடும்பத் தலைவர் பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாயார், மனைவி, மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி, அப்புறம் ஜூலி. ஜூலி ஒரு லாப்ரடார் நாய். இந்த ஜாதி நாய்க்குப் பசி என்பது வயிற்றைச் சேர்ந்த சமாசாரமே இல்லை. சில நாய்களுக்கு அது பிறவியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பரிசோதித்த லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியை அடக்குவதில் பங்குள்ள மரபணு ஒன்றில் ஒரு துண்டு இல்லாமல் இருந்ததாகக் கண்டார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்ற தந்தி அவற்றின் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. ஜூலிக்கு எந்தக் காலத்திலாவது அப்படி ஒரு தந்தி போய்ச் சேர்ந்ததாக எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை, மருமகள் குளிக்கப் போகும்போது கழற்றி ஜன்னல் திட்டில் வைத்த வைரத் தோடு ஒன்று ஜூலியின் வயிற்றுக்குள் போய்விட்டது. அந்த வீட்டில் அன்று யாரும் 'வந்துடும்' என்று சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் ஆட்டோ வந்தது. ஜூலியை மகன் தூக்கிக்கொள்ள, பெரியவர் பின்னாலேயே செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். எக்ஸ்ரே எடுத்தார்கள். இரைப்பையில் வெள்ளை வெளேரென்று தோடு தெரிந்தது. அதன் தண்டு கூராக இருந்ததால் மறுநாள் இன்னொரு படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். தோடு நகர்ந்திருந்தது. அந்த இரண்டு நாளும் ஜூலி தெருவில் காலை மடக்கிய போதெல்லாம், பழைய செய்தித்தாளும் குச்சியுமாக இரண்டு பேர் அதன் பின்னால் காத்து நின்ற காட்சியை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பயபக்தியைக் கோயிலில்கூடப் பார்த்தது கிடையாது. இரண்டாம் நாள் மாலை தோடு வெளியே வந்தது. தண்ணீரில் கழுவி, பாலில் கழுவி, பூஜையறையில் ஒரு வெள்ளிக்கிழமை வைத்திருந்து, பிறகு காதில் போட்டுக்கொண்டார்கள். அந்த அம்மாளோடு பேசும்போது இன்றைக்கும் நான் அவருடைய காதைப் பார்க்காமலே பேசிவருகிறேன்.

இது நடந்து ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, பேத்தியின் பள்ளிக்கூடத்துச் சாக்ஸ் ஒன்றை ஜூலி விழுங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. "ஐயோ, சாக்ஸ்!" என்று பாட்டி கத்த, எல்லோரும் ஓடிவந்து துரத்த, அதுவரை வாயில் வைத்து விளையாடிக்கொண்டிருந்ததை ஜூலி ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிட்டது. "ஜோடி எண்பது ரூபாய். போனால் போகட்டும். வந்துடும்" என்றார் பெரியவர். இதே பெரியவர்தான் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் செருப்பில்லாமல் ஓடினவர்.

அந்த மூன்று நாளும் நான் ஊரில் இல்லை. திங்கட்கிழமை விடியற்காலை ரயிலில் வந்து இறங்கியபோது அவர்கள் வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போனேன். நடந்ததை எல்லோருமாகச் சேர்ந்து சொன்னார்கள். வெள்ளிக்கிழமை இரவு வாழைப்பழம் கொடுத்தார்களாம். சனிக்கிழமை காலை, அடுத்த வீட்டுக்காரர் சொன்னபடி, வாயைப் பிளந்து இரண்டு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றினார்களாம். மத்தியானம் வாந்தி எடுத்ததாம். 'அப்பாடா, உள்ளே கிடந்தது கிளம்பிவிட்டது' என்று நிம்மதி அடைந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, மார்பைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வெகு நேரம் நின்றதாம். "ஜூலி சாமி கும்பிடுது பாரு, தாத்தா!" என்று குழந்தை கைகொட்டிச் சிரித்ததாம். வயிற்று வலி பொறுக்காத நாய் அப்படித்தான் நிற்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

நானும் கூடப் போனேன். திங்கட்கிழமை காலை வயிற்றைத் திறந்தபோது குடலில் ஒரு முழ நீளம் கறுத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்து ஒட்டுப்போட்டார்கள். புதன்கிழமை இரவு ஜூலி செத்துப்போயிற்று.

அந்தக் குடும்பத்தார் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். ஜூலிக்குப் பிறந்த நாள் கொண்டாடியவர்கள். அந்தக் குழந்தை ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அன்பில் குறைவில்லாத வீட்டில் இது நடந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன். நாம் விழுங்கிய பொருளின் விலையைப் பார்த்து ஆபத்தை அளக்கிறோம். தோடு என்றால் ஆபத்து, சாக்ஸ் என்றால் சாதாரணம். குடலுக்குள் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. தங்கம் எந்த அமிலத்துக்கும் சுலபத்தில் அசையாத சாது உலோகம். தோடு கையளவு சிறியது கூட இல்லை, விரல் நுனியளவு. துணியோ, நனைந்து, உப்பி, சுருண்டு, சாக்கடை வாயில் கந்தை அடைத்துக்கொள்வதுபோல் அடைத்துக்கொள்ளும்.

அடைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்பதை என் டாக்டர் நண்பர் ஒருவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். குடல் சும்மா கிடக்கும் குழாய் இல்லை. அலை அலையாகச் சுருங்கி, உள்ளே இருப்பதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நகராத பொருளையும் அது விடாமல் தள்ளுகிறது. பொருள் குடலின் சுவரை உள்ளேயிருந்து அழுத்துகிறது. அழுத்தின இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, சுவர் அழுகி, ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை வழியாகக் குடலில் இருக்கவேண்டியது வயிற்றறைக்குள் கசிகிறது. அதற்குப் பிறகு பிழைக்க வைப்பது சுலபமான காரியமில்லை. இந்த லட்சணத்தில், அடைபட்ட குடலுக்கு மேலே பேதி மருந்தாக விளக்கெண்ணெயை ஊற்றுவது, பூட்டின கதவுக்குப் பின்னால் நின்று கூட்டத்தை நெட்டித் தள்ளுவதுபோன்ற காரியம்.

சாக்ஸ் விழுங்கின அன்றே போயிருந்தால்? பெரும்பாலும் கத்தியே தேவைப்பட்டிருக்காது. துணி இரைப்பையில் இருக்கும் வரையில், அதுவும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால், டாக்டர் ஓர் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்தே அதை வெளியே கொண்டுவந்துவிட முடியும். அது தவறினால், எண்டோஸ்கோப் என்னும் குழாயை வாய் வழியே விட்டு இடுக்கியால் பிடித்து இழுக்கலாம். அதுவும் தவறினால் இரைப்பையைத் திறக்கவேண்டும். அதையும் தாண்டிப் பொருள் குடலுக்குள் இறங்கிவிட்டால் குடலைத் திறக்கவேண்டும். ஒவ்வொரு படி இறங்க இறங்கச் செலவு ஏறுகிறது, பிழைக்கும் வாய்ப்புக் குறைகிறது. எண்பது ரூபாய்ச் சாக்ஸுக்காக டாக்டரிடம் போவானேன் என்று நினைத்த வீட்டில், கடைசியில் செலவான தொகையில் அந்தத் தோட்டுக்கு ஒரு ஜோடி சேர்த்திருக்கலாம்.

சாக்ஸ் ஒன்றுதான் என்றில்லை. மலிவான பொருள்களின் அட்டூழியத்தைச் சொல்லிக்கொண்டே போகலாம். எல்லாவற்றிலும் மலிவானது நூல். ஒரு ரீல் நூலின் விலை என்ன? தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும் நூல், மாஞ்சா இல்லாத பட்டத்து நூல், பூக்காரி கட்டிக்கொடுத்த நார், பொட்டலம் கட்டின சணல் இவற்றில் எதையாவது நாய் விழுங்கிவிட்டால் 'நூல்தானே' என்று சிரிக்கிறோம். பெண் வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பாவாடைக்கு நாடா கோத்து, ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறு நுனியை இழுத்தால் என்ன ஆகிறது? துணி முழுதும் கொசுவிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. நூலின் ஒரு நுனி இரைப்பையின் வாசலில் எங்காவது மாட்டிக்கொண்டு, மீதி நீளம் குடலுக்குள் இறங்கினால் குடல் அப்படியே கொசுவிக்கொள்ளும். அது சுருங்கி விரியச் சுருங்கி விரிய, இறுகின நூல் ரம்பம்போல் உட்சுவரை அறுக்கும், ஓரிடத்தில் அன்று, பல இடங்களில். ஆகவேதான், நாயின் வாயிலிருந்தோ பின்வழியாகவோ நூல் நுனி தொங்கினால் அதைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறார்கள் டாக்டர்கள். நம் கைக்கு இழுக்காமல் இருக்கத் தெரியாது. தொங்குகிற நூலைக் கண்டால் இழுப்பது மனுஷ சுபாவம். அந்த சுபாவத்தை அரை மணி நேரம் அடக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கவேண்டும்.

அடுத்தது பொத்தான் பாட்டரி. பொம்மையிலும், கடிகாரத்திலும், ரிமோட்டிலும், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் இருக்கும் வெள்ளிக் காசு போன்ற அந்த வட்டத்தைப் பற்றி எனக்கு மிகவும் பயம். மற்றப் பொருள்களாவது அடைத்துக்கொண்டுதான் தீங்கு செய்யும். இது தொட்டாலே தீங்கு. ஈரமான சதையில் ஒட்டினவுடன் அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. எதிர்முனை பட்ட இடத்தில் காரம் உற்பத்தியாகிச் சதையைப் பொசுக்குகிறது. உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்பட்டுவிடலாம். குழந்தைகள் விழுங்கினாலும் இதே கதைதான். இதில் 'வந்துடும்' என்று உட்காருவதற்கு நேரமே கிடையாது. வாந்தி எடுக்கவைப்பதற்கும் இடம் கிடையாது, வரும் வழியில் இன்னொரு தடவை பொசுக்கிவிட்டு வரும்.

காந்தத்தைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. மேயும்போது ஆணியும் கம்பியும் தின்றுவிடும் மாட்டுக்கு, சில நாடுகளில், வேண்டுமென்றே ஒரு காந்தத்தை விழுங்கக் கொடுக்கிறார்கள். அது மாட்டின் வயிற்று அறை ஒன்றில் ஆயுள் முழுதும் தங்கி, ஆணிகளைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொண்டு, இதயத்தின் பக்கம் குத்தாமல் காப்பாற்றுகிறது. மாட்டுக்கு வைத்தியமான அதே பொருள் நாய்க்கு எமன். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் பொம்மைகளில் இரண்டை நாய் விழுங்கினால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் இன்னொரு மடிப்பில் மற்றொன்றுமாக இருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட சதையை நசுக்கி ஓட்டையாக்கிவிடும். மாட்டுக்காரருடைய யோசனையை நாய்க்காரர் கேட்கக்கூடாது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

அதேபோல் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையின் யோசனையையும் கேட்கக்கூடாது. "இங்கே ஒருத்தர் நாய் காசை முழுங்கிடுச்சு, ரெண்டு நாள்ல வந்துடுச்சுப்பா" என்று கைபேசியில் முகம் காட்டிச் சொல்லும். அந்தப் பிள்ளைக்கே தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்நாட்டிலேயே மிகக் குறைந்த மதிப்புள்ள காசான ஒரு சென்ட், 1982-க்குப் பிறகு செப்புப் பூச்சுப் பூசிய துத்தநாகத்தால் செய்யப்பட்டது, நூற்றுக்கு 97.5 பங்கு துத்தநாகம். நாயின் இரைப்பை அமிலத்தில் அது கரைந்து, ரத்தத்தில் கலந்து, சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் ஊர் ரூபாய்க் காசு துருப்பிடிக்காத எஃகு. அது கரையாது, அடைக்க மட்டும் செய்யும். பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் துத்தநாகக் காசு செய்யும் அந்த வேலையைச் செய்யக்கூடியதே. மாங்கொட்டையைப் பற்றி வைகாசி, ஆனி மாதங்களில் எந்தக் கால்நடை டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவார்.

இனி, தெரு வைத்தியத்துக்கு வருகிறேன். வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களை மன்னித்துவிடலாம் என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன். ஆனால் அதையும் மன்னிப்பதற்கில்லை. மயக்கம் கொடுத்துக் குழாய் விடவோ வயிற்றைத் திறக்கவோ நேர்ந்தால், வயிறு காலியாக இருந்தால் நல்லது. நிரம்பின வயிற்றோடு மயங்கிக் கிடக்கும் நாய் வாந்தி எடுத்தால் அது மூச்சுக் குழலில் போகும். பிடித்து அழுத்தி வாயில் ஊற்றும் எண்ணெயும் அப்படியே. நாய் திமிறும்போது பாதி எண்ணெய் நுரையீரலுக்குப் போகிறது, நிமோனியா வருகிறது, வைத்தியம் செய்த புண்ணியவான் அதற்குள் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றிலும் கொடுமை உப்புத் தண்ணீர். வாட்ஸாப்பில் இது பரம்பரை ரகசியம்போல் சுற்றிவருகிறது. உப்புக் கரைசலைக் கொடுத்தால் நாய் வாந்தி எடுக்கும் என்பது சில சமயம் நடக்கும். எடுக்காவிட்டால்? இன்னும் கொஞ்சம் உப்பு. அப்போதும் எடுக்காவிட்டால் இன்னும் கொஞ்சம். ரத்தத்தில் உப்பு ஏறி, மூளையிலுள்ள நீரை இழுத்து, வலிப்பு வந்து, விழுங்கின பொருளால் சாகவேண்டிய அவசியமே இல்லாத நாய் வைத்தியத்தால் சாகும். மேல்நாட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுப்பதாகப் படித்துவிட்டு அதை மருந்துக்கடையில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கேயும் அதை டாக்டர் சொன்ன அளவில், டாக்டர் சொன்னபோது கொடுக்கவேண்டும் என்றுதான் விதி. இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடிய திரவம் அது. ஊசி, ஆணி, உடைந்த கண்ணாடி, பாட்டரி, மண்ணெண்ணெய், கழிவறை கழுவும் அமிலம் இவற்றில் எதை விழுங்கியிருந்தாலும் வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. எதை வாந்தி எடுக்கவைக்கலாம், எதைக் கூடாது என்று தீர்மானிப்பதற்காக ஒருவர் ஐந்து வருஷத்துக்கு மேல் படித்துவிட்டு, பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை விட்டுவிட்டு நாம் உப்பு ஜாடியைத் திறக்கிறோம்.

"டாக்டரும் சில சமயம் பொறுத்துப் பார்க்கலாம் என்றுதானே சொல்லுகிறார்? நாங்கள் சொன்னால் மட்டும் குற்றமா?" என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. தோட்டின் விஷயத்தில் டாக்டர் பொறுத்துத்தான் பார்த்தார். ஆனால் அவர் பொருள் எங்கே இருக்கிறதென்று படத்தில் பார்த்தபிறகு பொறுத்தார். மறுநாள் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நகராவிட்டால் என்ன செய்வது என்பதை முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார். நாம் எதையும் பார்க்காமல் பொறுக்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு கட்சியார் இருக்கிறார்கள். மனிதர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கிடக்கும் நாட்டில் நாய்க்கு ஆபரேஷனா என்று கேட்கிறவர்கள். இவர்களைப் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். நாய்க்குச் செலவழிக்காத பணத்தை இவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கிடக்கும் மனிதருக்குக் கொடுத்ததை மட்டும் பார்த்ததில்லை. தெருவில் போகும் நாயைக் காப்பாற்றவேண்டும் என்று இங்கே நான் வாதாடவில்லை. அது வேறு வழக்கு. நாமே விரும்பி, விலை கொடுத்து வாங்கி, கழுத்தில் பட்டை மாட்டி, கதவைச் சாத்தி வைத்துக்கொண்ட பிராணி இது. அது தானாக ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதபடி பூட்டி வைத்திருப்பவர்கள் நாம். சாக்ஸைக் கழற்றித் தரையில் எறிந்தவர்களும் நாமே. மனித வாடை ஊறிப்போன துணி நாய்க்கு எஜமானரின் ஒரு துண்டு மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு விளையாடுவது அதற்கு ஒரு குற்றமாகப் படாது.

சட்டம் உதவிக்கு வருமா என்றும் யோசித்துப் பார்த்தேன். சென்னையைச் சேர்ந்த ருக்மிணிதேவி அருண்டேல் ராஜ்ய சபையில் கொண்டுவந்த மசோதாவின் விளைவாகப் பிறந்தது 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டம். பெரிய காரியம், அந்த அம்மையாரை நாம் பரதநாட்டியத்துக்காக மட்டும் ஞாபகம் வைத்திருப்பது நியாயமில்லை. ஆனால் வதைக்கு முதல் தடவை என்றால் அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு ஜோடி சாக்ஸின் விலைகூட இல்லை. தவிரவும், 'வந்துடும்' என்று சொன்னதற்காக யாரையும் எந்தக் கோர்ட்டிலும் நிறுத்த முடியாது.

செலவுக்குப் பயந்து போகாதவர்களின் கஷ்டம் வேறு. அவர்களை நான் ஏசமாட்டேன். அவர்களுக்குச் சொல்லக்கூடியது, அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன என்பது. 1903-இல் ஆரம்பித்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அதன் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பது மாடுகளைவிட நாய்களே அதிகமோ என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் இப்படிக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் உண்டு. தனியார் க்ளினிக்கில் ஆகிற செலவு அங்கே ஆகாது. காத்திருக்கவேண்டும், ஆனால் அங்கே காத்திருப்பது வீட்டில் காத்திருப்பதுபோல இல்லை.

போகிறவர்கள் டாக்டரிடம் உண்மையைச் சொல்லவேண்டும். இது மிகவும் சிரமமான காரியம் என்பதை அறிவேன். 'என்ன விழுங்கிற்று?' என்று டாக்டர் கேட்டால் நம் கௌரவம் குறுக்கே வந்து நிற்கிறது. உள்ளாடை விழுங்கினதை 'ஏதோ துணி' என்கிறோம். மாத்திரை அட்டையை விழுங்கினால் அது யாருக்கு, எந்த வியாதிக்கு வாங்கிய மாத்திரை என்று சொல்லக் கூசுகிறோம். எக்ஸ்ரேயில் இரும்பும் எலும்பும் தெரியும். துணியும் பிளாஸ்டிக்கும் நேராகத் தெரியாது. டாக்டர் குடலில் காற்று தேங்கியிருக்கும் தினுசைப் பார்த்து ஊகிக்கவேண்டியிருக்கும், அல்லது ஸ்கான் செய்யவேண்டியிருக்கும். 'ஏதோ துணி' என்ற ஒரு பொய்யில் அவருக்கு ஒரு மணி நேரம் போகிறது. ஜோடியில் மிச்சமிருக்கும் சாக்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், அளவு தெரியும். பாட்டரி என்றால் அதே பொம்மையையோ, அது வந்த அட்டையையோ எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு விழுங்கிற்று, அப்புறம் என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை வாந்தி, மலம் போயிற்றா, இவ்வளவும் கேட்பார். அண்டை வீட்டுக்காரர் விளக்கெண்ணெய் கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிற இடம் அதுவன்று.

நாய் வாயில் எதையாவது கவ்வியிருப்பதைக் கண்டால் கூச்சல் போட்டுத் துரத்தாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துரத்தினால் பறித்துக்கொள்ள வருகிறார்கள் என்று நினைத்து அது விழுங்கிவிடும். ஒரு பிஸ்கோத்தைக் காட்டினால் கீழே போட்டுவிட்டு வரும். பிறகு பொருளை எடுத்துக்கொள்ளலாம். சிறு குட்டியாக இருக்கும்போதே 'விடு' என்று சொல்லிப் பழக்கினால் பிஸ்கோத்துக்கூடச் சில சமயம் மிச்சமாகும்.

நாயின் எடை தெரியாமல் டாக்டரால் மருந்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது. அதைத் தூக்கிக்கொண்டு எடைபோடும் கருவியில் ஏறி நின்று, பிறகு தனியாக ஏறி நின்று கழித்துப் பார்த்தால் போதும். மாதம் ஒரு தடவை எழுதி வைத்துக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்கும் கால்நடை ஆஸ்பத்திரி எது என்பதைப் பகல் இரண்டு மணிக்கு விசாரித்து வைத்துக்கொள்ளவேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் தொலைபேசி எண், சமையலறைக் காலண்டரில், காஸ் கம்பெனி எண்ணுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது.